பதினைந்து ஆம்பியர் பிளக்கும் உன் வீட்டுக்காரரும்

டன்ராக், டாஸ்மேனியா
செப்டம்பர் 17, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தங்கை நோலீனுக்கு,

உன் அண்ணன் ராய்ஸ் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி ஜெனிஸும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். கோழிகள் நலம். மழை வேண்டிய மட்டும் பெய்கிறது. அங்கே டவுன்ஸ்வில்லில் நீயும், பிள்ளை பெற்ற உடம்போடு இருக்கும் மெலிசாவும், புதிதாக வந்திருக்கும் பேரனும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பயலின் போட்டோ பார்த்தேன். காது நம் பிக்னல் குடும்பத்துக் காது. பெரிதாக இருக்கிறதே என்று மெலிசா கவலைப்பட வேண்டாம், முகம் வளர வளரச் சரியாகிவிடும். எனக்கு அறுபத்தெட்டு வயதாகிறது, இன்னும் சரியாகவில்லை, ஆனாலும் நம்பிக்கையை விடவில்லை.

போன் பண்ணாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் உன்னிடம் நான் சேர்ந்தாற்போல் இரண்டு வாக்கியம் பேசியதாக நினைவில்லை. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. விமான நிலையத்தில் விரலை நீட்டி நீ சொன்னது மறக்கவில்லை. "நான் திரும்பி வர்றதுக்குள்ள நீயும் என் வீட்டுக்காரரும் பேசியிருக்கணும். இல்லைன்னா கிறிஸ்துமஸுக்கு ரெண்டு வீட்டுலயும் அடுப்புப் பக்கமே போக மாட்டேன்" என்றாய். அதற்குத்தான் இந்தப் பதில். பேசவில்லை. பேசப் போவதும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு நான் ரொட்டியும் ஜாமும் தின்றுகொள்கிறேன். அதோடு இன்னொரு சேதி. உன் வீட்டுக்காரரின் தயவு இல்லாமல், மின்சாரத்தில் பீர் காய்ச்சும் ஏற்பாட்டை நானே திட்டம் போட்டு, நானே கட்டி, அக்டோபர் கண்காட்சிப் போட்டிக்கு வேண்டிய பீரையும் காய்ச்சி முடித்துவிட்டேன். இருபத்திரண்டு வருஷமாக இரண்டு பேர் பெயரில் போன பாட்டில், போன வருஷம் போகாமல் நின்றது, இந்த வருஷம் ஒரே பெயரில் போகிறது. விண்ணப்பப் படிவத்தில் ராய்ஸ் பிக்னல் என்று மையில் எழுதிவிட்டேன், பென்சிலில் இல்லை. அவர் பெயரை இந்தக் கடிதத்தில்கூட நான் எழுதுவதாக இல்லை. உன் வீட்டுக்காரர் என்றுதான் எழுதுவேன், யார் என்று உனக்கே தெரியும்.

நீ அவர் சொன்ன கதையை மட்டும்தான் கேட்டிருக்கிறாய். நான் சொல்வதையும் கேள். போன வருஷம் ஜூலையில் நம் பீர் சங்கம் என் ஷெட்டில் கூடியது, பதினோரு பேர். கேஸ் அடுப்பில் பொங்கி வழிந்து ஜெனிஸின் துணிக்கொடி கருகிய பிறகு நான் மின்சாரத்துக்கு மாறியிருந்தேன். புது ஹீட்டரின் பிளக் பதினைந்து ஆம்பியர், ஷெட்டில் இருப்பதோ பத்து ஆம்பியர் சாக்கெட். எலக்ட்ரீஷியன் பெண்டாட்டிக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பெரிய பிளக்கில் எர்த் பின் மட்டும் அகலமாக இருக்கும், சின்ன சாக்கெட்டில் ஏறாது, ஏறக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். கேரவன் வைத்திருக்கிற எத்தனையோ பேர் கமுக்கமாகச் செய்வதை நானும் செய்தேன். அரத்தை எடுத்து எர்த் பின்னை ராவினேன். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி ஏறியது. தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். சாக்கெட் உருகியிருக்கும், ஷெட் எரிந்திருக்கும், ஈரத் தரையில் நின்ற நானும் போயிருப்பேன். ஆனால் தப்பைச் சொல்ல ஒரு விதம் இருக்கிறது. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். உன் வீட்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா. பிளக்கைப் பிடுங்கினார், கண்ணாடி போட்டுப் பார்த்தார், இடுப்பிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்தார், பதினோரு பேர் முன்னால் நறுக்கென்று ஒயரை வெட்டினார், பிளக்கைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "உன் சாவுக்கு வந்து பேசறதுக்கு எனக்கு நேரமில்ல மச்சான்" என்றார். பதினோரு பேரும் சிரித்தார்கள். நான் கதவைக் காட்டினேன். அவர் போனார். அதோடு பதினான்கு மாதம்.

அன்றைக்கே முடிவெடுத்தேன், எல்லாவற்றையும் முறைப்படி செய்வது, ஆனால் தனியாகச் செய்வது என்று. முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவன் நான், ஒரு நாள்கூடத் தாமதமாகப் போனதில்லை, எனக்குத் திட்டம் போடத் தெரியாதா. கட்டம் போட்ட தாளில் நாற்பத்தேழு பக்கம் எழுதினேன். தண்ணீர் எத்தனை லிட்டர், முளைகட்டிய பார்லி மால்ட் எத்தனை கிலோ, அறுபத்தாறு டிகிரியில் எத்தனை நிமிஷம், கசப்புக்கும் வாசனைக்கும் போடுகிற ஹாப்ஸ் பூ எப்போது, கிண்டுகிற துடுப்பு எந்தக் கைப்பக்கம் தொங்க வேண்டும், எல்லாம் அதில் உண்டு. ஜெனிஸ் பார்த்துவிட்டு, "கல்யாணத்துக்குக்கூட நீ இவ்ளோ யோசிக்கல" என்றாள். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் இருப்பதும் திட்டம்தான்.

முதல் அண்டாவைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. ஹீட்டரைப் பொருத்த அடியிலிருந்து ஏழு சென்டிமீட்டரில் துளை போட வேண்டும். வேலை வசதிக்காக அண்டாவைக் கவிழ்த்து வைத்திருந்தேன், அளக்கும்போது அது கவிழ்ந்திருக்கிறது என்பது மறந்துபோனது. மேசையிலிருந்து சரியாக ஏழு சென்டிமீட்டர் அளந்து, அருமையான துளை போட்டேன், ஒரு பிசிறு கிடையாது. நிமிர்த்தினால் துளை வாய்க்குப் பக்கத்தில் இருந்தது. அந்த அண்டாவில் இப்போது பார்ஸ்லிக் கீரை நன்றாக வளர்கிறது. இரண்டாவது அண்டாவில் துளை சரியான இடத்தில் விழுந்தது, வாஷரைத்தான் உள்ளே போடுவதற்குப் பதில் வெளியே போட்டுவிட்டேன், துணி துவைக்கும் அறையில் சோதித்துப் பார்த்ததில் கண்காட்சிக்காக ஜெனிஸ் தைத்துக்கொண்டிருந்த மெத்தை விரிப்பு நனைந்தது. நனைந்தது என்றால் முப்பது லிட்டர். அன்று எனக்குச் சாப்பாடு கோழிகளோடு.

அடுத்தது வெப்பநிலைக் கட்டுப்பாட்டுப் பெட்டி. கடையிலிருந்து பூட்டியே வந்தது, நான் ஒரு ஒயரைக்கூடத் தொடவில்லை, இதை உன் வீட்டுக்காரரிடம் நீ அழுத்திச் சொல்ல வேண்டும். அதை ஒத்திகை பார்க்க, பத்து ஆம்பியரில் நியாயமாக ஓடுகிற சின்ன ஹீட்டர் ஒன்றை வாங்கினேன். முப்பது லிட்டரை அது கொதிக்க வைக்காது, முனக வைக்கும், ஆனால் ஒத்திகைக்குப் போதும். மால்ட் ஊறும் அண்டாவில் ஹீட்டர். பக்கத்து அண்டாவில் பச்சைத் தண்ணீர். சூடு பார்க்கும் கம்பியை நான் பச்சைத் தண்ணீரில் போட்டுவிட்டேன். பெட்டி பாவம், அது என்ன செய்யும், பதினான்கு டிகிரிதான் இருக்கிறது, பதினான்கு டிகிரிதான் இருக்கிறது என்று விடாமல் சூடேற்றிக்கொண்டே இருந்தது. நான் பதினான்கைப் பார்த்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், பொறுமைதான் முக்கியம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு. கருகின வாசனை வந்த பிறகுதான் எழுந்தேன். ஐந்து கிலோ மால்ட்டும் கட்டியான கஞ்சியாகிவிட்டது. கோழிகள் தின்றன. தின்ற கோழிகள் இரண்டு நாள் முட்டையிடவில்லை, ஆனால் சந்தோஷமாக இருந்தன.

இத்தனைக்கும் நான் அசரவில்லை. இனி வேண்டியது ஷெட்டில் ஒரே ஒரு பதினைந்து ஆம்பியர் சாக்கெட். அதைப் போட லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் வேண்டும், நானே போட்டால் சட்டப்படிக் குற்றம், இந்த முறை சட்டத்தை ஒரு நூல்கூட மீறுவதில்லை என்று சபதம். பள்ளத்தாக்கில் எலக்ட்ரீஷியன் மூன்று பேர். ஒருவர் முட்டி ஆபரேஷன் செய்துகொண்டு படுத்திருக்கிறார். ஒருவர் உன் வீட்டுக்காரர். மூன்றாமவரைக் கூப்பிட்டேன், முகவரியைக் கேட்டதும் குரல் மாறியது. "லிண்ட்ஸேயோட மச்சான் வீடா? ஐயோ ஆளை விடுங்க சார். அங்க நான் ஒரு ஸ்க்ரூ கழட்டினாலும் அவர் மூஞ்சியில எப்படி முழிப்பேன்" என்றார். பெயரைச் சொன்னது அவர், நான் இல்லை. அதாவது என்னோடு பேசாத மனிதருக்கு மரியாதை காட்டி, ஊரே எனக்குச் சாக்கெட் போட மறுக்கிறது. ஜெனிஸ் போனை எடுத்து என் கையில் வைத்து, "ஒரு வார்த்தை கேட்டா கொறஞ்சா போயிடுவ" என்றாள். குறைந்து போவேன் என்று போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. யோசனை என்றால் சாதாரண யோசனை இல்லை. ஆற்றங்கரை கேரவன் பூங்காவில், வண்டிவீட்டை நிறுத்தித் தங்குகிற ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கம்பம் உண்டு, கம்பத்தில் சாக்கெட் உண்டு, அந்த சாக்கெட் பதினைந்து ஆம்பியர். முறைப்படி போட்டது, யாரும் எதையும் ராவ வேண்டாம். பூங்காவை நடத்தும் ரோண்டாவைக் கூப்பிட்டு, சனிக்கிழமைக்குக் கரண்ட் உள்ள ஓர் இடம் வேண்டும் என்றேன். "சொந்த ஊர்லயே சுற்றுலாவா ராய்ஸ் அண்ணே? கேரவன் எத்தனை அடி?" என்றாள். "அடி கிடையாது, ஐம்பது லிட்டர்" என்றேன். போனில் பேப்பர் புரட்டும் சத்தம். "நாயைக் கட்டிப் போடணும், தீ மூட்டக் கூடாதுன்னு இருக்கு. பீர் காய்ச்சக் கூடாதுன்னு விதியில இல்ல. திங்கக்கிழமை எழுதிச் சேர்த்துக்கறேன், அதுக்குள்ள காய்ச்சிக்கோங்க" என்றாள்.

சனிக்கிழமை நல்ல குளிர், தூறல். பதினோராம் எண் இடத்தில் கூடாரத் துணியைக் கட்டி, அண்டாவை வைத்து, நாற்பத்தேழு பக்கத்தையும் கிளிப் போட்டு மாட்டினேன். பிளக்கைச் செருகியபோது எர்த் பின் முழு அகலத்தோடு உள்ளே போன சத்தம் இருக்கிறதே, நோலீன், பதினான்கு மாதமாக நான் கேட்கக் காத்திருந்த சத்தம் அது. அறுபத்தாறு டிகிரி, கம்பி சரியான அண்டாவில். கேரவன்களில் ஊர் சுற்றும் ஓய்வுபெற்ற கும்பல் ஒவ்வொருவராக மடக்கு நாற்காலியோடு வந்து சுற்றி உட்கார்ந்தது. பக்கத்து இடத்தில் குவீன்ஸ்லாந்துக்காரர் ஒருவர், ட்ரெவர் என்று பெயர். "எங்க ஊர்ல இந்தக் குளிர் கெடையாதுங்க. இதுல பீர் காய்ச்சி யார் குடிக்கப் போறா, பிராந்தி காய்ச்சுங்க" என்றார். வேலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்றரை மணிக்குக் கொதி வந்தது. ஹாப்ஸ் முதல் பங்கைப் போட்டேன், நம் புஷி பார்க்கில் விளைந்த ஹாப்ஸ், வாசனைக்கு ட்ரெவரே வாயை மூடிக்கொண்டார். மணி நான்கு பத்துக்கு, குளிர் தாங்காமல் எட்டு கேரவன்காரர்களும் ஒரே சமயத்தில் உள்ளே போய் ஹீட்டரைப் போட்டார்கள். பூங்கா முழுக்கக் கரண்ட் போய்விட்டது. கடைசிப் பங்கு ஹாப்ஸுக்கு இருபது நிமிஷம் பாக்கி. கொதி அடங்கிக்கொண்டே வந்தது.

ரோண்டா ஓடி வந்தாள். "பயப்படாதீங்க அண்ணே, பூங்காவுக்குன்னு எலக்ட்ரீஷியன் இருக்காரு, சொல்லிட்டேன், வந்துட்டே இருக்காரு" என்றாள். யார் என்று நான் கேட்கவில்லை. கேட்பானேன்.

வேன் வந்து நின்றது. முன்கண்ணாடியில் ஏதோ கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் நான் ராவிய பிளக். பதினான்கு மாதமாக அதை ஊரெல்லாம் பார்க்கத் தொங்கவிட்டுக்கொண்டு ஓட்டியிருக்கிறார் உன் வீட்டுக்காரர். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீயே யோசித்துப் பார். அவர் இறங்கினார், மெயின் பெட்டிக்குப் போகவில்லை, நேராக என் கம்பத்துக்கு வந்தார், பிளக்கைப் பிடுங்கினார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எர்த் பின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தைகூட நாங்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

"ரோண்டா, அவர்கிட்ட கேளுங்க, இது கடையிலேர்ந்து வந்தபடியே இருக்கா?"

"ரோண்டா, அவர்கிட்ட சொல்லு, எங்க வீட்ல இப்ப அரமே கெடையாது. ஜெனிஸ் ஒளிச்சு வச்சுட்டா."

"அவர்கிட்ட சொல்லுங்க, நல்ல காரியம் பண்ணினா."

"ரெண்டு பேரும் ரெண்டடி தள்ளி நிக்கறீங்க. நடுவுல எனக்கு எதுக்கு கழுத்து வலி?" என்றாள் ரோண்டா.

அவர் மெயின் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வந்து, "அவர்கிட்ட சொல்லுங்க, தப்பு அவர்மேல இல்ல. மெயின் பழசு, எட்டு ஹீட்டர் ஒண்ணாத் தாங்காது" என்றார். இதை ரோண்டாவை இரண்டு தடவை சொல்லச் சொன்னேன், இரண்டாவது தடவை ட்ரெவருக்கும் கேட்கிற மாதிரி. அதோடு விட்டாரா, ஒவ்வொரு கேரவன் கதவையும் தட்டி, "நாப்பது நிமிஷம் ஹீட்டர அணைச்சு வைங்க, அண்டா கொதிக்கணும்" என்று சொல்லிவிட்டு வந்தார். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. கரண்ட் வந்தது. எட்டு கேரவன்காரர்களும் போர்வையைப் போர்த்திக்கொண்டு என் அண்டாவைச் சுற்றி உட்கார்ந்து குளிர் காய்ந்தார்கள். உன் வீட்டுக்காரர் போகவில்லை. வேறு வேலை இல்லாதவர் மாதிரி பாக்கெட்டில் கைவிட்டுக்கொண்டு நின்றார். மறுபடி கொதி வந்து நுரை விளிம்புக்கு ஏறியபோது துடுப்பை எடுத்து நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொள்வது பேசுவது ஆகாது.

எல்லாம் முடிந்து, சூட்டோடு சூடாக பிளாஸ்டிக் கேனில் ஊற்றி, மூடியை இறுக்கினேன், நம் வழக்கப்படி தானே ஆறட்டும் என்று. கிளம்பும்போது அவர், "ரோண்டா, அவர்கிட்ட சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை..." என்று ஆரம்பித்தார். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "ஞாயித்துக்கிழமையப் பத்தி யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்னு சொல்லு ரோண்டா. எல்லாம் எழுதி வச்சிருக்கேன்" என்று நாற்பத்தேழு பக்கத்தையும் தூக்கிக் காட்டினேன். அவர் வேனில் ஏறிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கேனிலிருந்து புளிக்க வைக்கும் வாளிக்கு மாற்றி, மூடி போட்டு, குமிழி விடும் குழாயைச் செருகி, எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். இன்று செவ்வாய் மத்தியானம் வரை குமிழி ஒன்றும் வரவில்லை. குளிர்தான் காரணம். ஜெனிஸின் மின்சாரப் போர்வையை வாளிக்குச் சுற்றியிருக்கிறேன், அவள் கம்பளியில் படுத்துக்கொள்கிறாள், நல்ல பெண். இன்றைக்கோ நாளைக்கோ குமிழி வரும். வந்ததும் உனக்குத் தெரியும், தனி ஆளாக ஒரு மனிதனால் என்ன முடியும் என்று.

ஆகவே தங்கையே, உன் வீட்டுக்காரர் இல்லாமல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இதில் மாற்றமில்லை. மெலிசா நன்றாகச் சாப்பிட்டு உடம்பைத் தேற்றிக்கொள்ளட்டும். பேரன் காதோடும் கண்ணோடும் நீண்ட நாள் நன்றாக இருக்கட்டும். நீ வெயிலில் தொப்பி இல்லாமல் போகாதே. எல்லோருக்கும் எங்கள் அன்பும் ஆசியும்.

இப்படிக்கு,
எடுத்த முடிவில் நிற்கும் உன் அண்ணன்,
ராய்ஸ் பிக்னல்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் ஒரு வாய் ரொட்டி சாப்பிடலாம் என்று ஃபிரிட்ஜில் கடுகு ஊறுகாயை எடுத்தேன். பாட்டிலுக்குப் பின்னால் ஈஸ்ட் பாக்கெட் இருந்தது. பிரிக்காமல் இருந்தது. நோலீன், இருபத்திரண்டு வருஷமாக ஹாப்ஸ் போடுவது நான், ஈஸ்ட் போடுவது லிண்ட்ஸே. நாற்பத்தேழு பக்கத்தையும் முதலிலிருந்து புரட்டினேன், ஈஸ்ட் என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை. ஈஸ்ட் விழாமல் எங்கே புளிக்கும், இரண்டு நாளாக நான் போர்வை போர்த்திக் காவல் காத்தது வெறும் இனிப்புத் தண்ணீரை.

போன் பண்ணினேன். "லிண்ட்ஸே, ஞாயித்துக்கிழமையப் பத்தி என்னவோ சொல்ல வந்தியே" என்றேன். "ஈஸ்ட் போட்டியா?" என்றான். "இல்ல" என்றேன். "மூடியத் தெறக்காத. எதுலயும் கைய வைக்காத. வர்றேன்" என்றான். பழையபடி அவன் இவன் என்று எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. கால் மணியில் வந்தான், தோளில் ஒரு சுருள் கேபிள், கையில் பதினைந்து ஆம்பியர் சாக்கெட். நான் கேட்கவில்லை, அவனாகக் கொண்டுவந்தான். மோந்து பார்த்தான், கெடவில்லை என்றான், ஈஸ்ட்டைப் போட்டான். அந்த வேன் கண்ணாடியில் தொங்குகிற பிளக்கையாவது எடுத்து எறியேன் என்றேன். "அது இருக்கட்டும் மச்சான். ஆட்டு மந்தை ரோட்டைத் தாண்டும்போது வேன நிறுத்திட்டு அதையே பாத்துட்டு இருப்பேன். அன்னிக்கு வெட்டினதுக்கு நீ திட்டினாலும் பரவாயில்ல, ஆள் உசிரோட இருக்கியே" என்றான். ஊறுகாயை நீட்டினேன்.

ஆகவே மேலே எழுதியதை எல்லாம் படிக்காததாக நினைத்துக்கொள். இப்போது இருக்கிற சிக்கல் படிவம். என் பெயர் மையில் இருக்கிறது, அதற்குப் பின்னால்தான் இடம். அகர வரிசை எல்லாம் தெரியாது, சாக்கெட் போட்டவன் பெயர்தான் முதலில் வர வேண்டும் என்று லிண்ட்ஸே நிற்கிறான். நான் சம்மதிக்க மாட்டேன். சாயங்காலத்திலிருந்து மறுபடி பேச்சு இல்லை, ஷெட்டில் அவன் அந்த மூலையில் ஒயர் இழுக்கிறான், நான் இந்த மூலையில் எழுதுகிறேன். நடுவில் நின்று சொல்ல ரோண்டாவுக்குப் போன் பண்ணினோம், எங்கள் நம்பரைப் பார்த்தாலே எடுக்க மாட்டேன் என்கிறாள். நீ சீக்கிரம் வா.